பழைய பின்பால் ஆட்டக்காரர் புது மெஷினில் கை வைக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பால் என்றால், சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை ஓடவிட்டு, அது கீழே விழாமல் அடித்து அடித்துப் புள்ளி சேர்க்கிற மெஷின் ஆட்டம். பல வருடங்களாக நான் ஆடியது எல்லாம் பழைய பின்பால் மெஷின்கள்தான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் ரிலே என்ற மின் ஸ்விட்ச், காயில் என்ற மின்காந்தச் சுருள், மோட்டார், மணி இவற்றை வைத்தே ஓடுகிற எலக்ட்ரோ மெக்கானிக்கல் வகை. புது மெஷின் பக்கமே போகாமல் இருந்தவன், சில மாதங்களாக அதில் ஆடிப் பழகுகிறேன். என்னைப் போலப் பழைய மெஷினில் ஊறிய நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், எனக்கு நானே கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பழையது, புதியது என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி மெஷினில்தான் ஃபிளிப்பர், அதாவது பட்டனை அழுத்தினால் பந்தை மேலே அடிக்கிற சின்னத் துடுப்பு, முதலில் வந்தது. அதற்கு முன் பந்தை ஏவிவிட்டு, மெஷினைத் தட்டித் தள்ளி, விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து எழுபதுகளின் பிற்பகுதி வரை ரிலேக்களின் காலம். அதன்பின் மைக்ரோபிராசஸர் வந்தது. 1979-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் கோர்கார் மெஷின் பேசவே ஆரம்பித்துவிட்டது. 1991 வாக்கில் புள்ளிகளால் படம் காட்டும் சின்னத் திரை வந்தது. 2013-இல் ஜெர்சி ஜாக் நிறுவனம் பின்பெட்டியில் பெரிய எல்சிடி திரையே வைத்தது. ஸ்டெர்ன் நிறுவனமும் 2016-இன் கடைசியில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. இங்கே நான் ‘புது மெஷின்’ என்று சொல்வது இந்தத் திரை வைத்த தலைமுறையை.

முதல் ஆட்டம் எப்படி இருந்தது?

மூன்று பந்தும் இரண்டு நிமிடத்தில் போய்விட்டன. முதல் பந்து பத்து விநாடிகூட நிற்கவில்லை. இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே நேராக இறங்கியது. பந்து போனது போனதுதான் என்று கையை எடுத்துவிட்டேன். அதற்குள் மெஷின் தானாகவே ஒரு பந்தை மேலே அடித்துவிட்டது. ஆரம்பத்தில் சில விநாடிகள் பந்து விழுந்தாலும் திருப்பித் தருகிற ஏற்பாடு அது. ஃபிளிப்பர்களுக்கு நடுவே ஒரு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாததால் அந்தப் பந்தையும் கை வைக்காமலே விட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு முடிவோடு நின்றேன்: எதையும் அடிக்கக் கூடாது, பிடித்து நிறுத்த மட்டும் செய்ய வேண்டும். பந்தை ஃபிளிப்பருக்குக் கொண்டுவருகிற ஓர வழியான இடது உள் சந்து வழியாகப் பந்து மெதுவாக உருண்டு வந்தது. அடிக்காமல் இடது ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்தேன். பந்து அதன் மேல் பாதி தூரம் ஏறி, தயங்கி, திரும்பி உருண்டு வந்து ஃபிளிப்பரின் அடி மடிப்பில் உட்கார்ந்தது. லேசாக ஒருமுறை ஆடி நின்றது. மெஷின் அதன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் பந்து நின்றதும் எல்லாமே நின்ற மாதிரி இருந்தது. அப்போதுதான் பலகையை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்த அத்தனை விளக்கிலும் மின்னியது ஒரே ஓர் அம்புக்குறி, வலது ரேம்ப்புக்கு, அதாவது பந்து ஏறிப்போகிற சரிவுப் பாதைக்கு, முன்னால். பட்டனை விட்டு, பந்தை ஃபிளிப்பரின் நுனி பக்கம் கொஞ்சம் உருள விட்டு அடித்தேன். ரேம்ப்பில் ஏறி, கம்பித் தடத்தில் சுற்றி, சரியாக என் ஃபிளிப்பருக்கே திரும்பி வந்தது.

அந்த ஒரு ஷாட்டில்தான் எனக்குப் புது மெஷின் பிடிபட்டது. பழைய பலகையில் பந்தை மேலே அனுப்பிவிட்டால் அது பந்தைத் தட்டி விரட்டுகிற பம்பர்களில் மோதி எந்தப் பக்கமாக இறங்கும் என்று காத்திருப்போம். அந்தக் காத்திருப்புதான் அதன் சுவை. புது பலகையில் நல்ல ஷாட் அடித்தால், அடுத்த ஷாட்டுக்கான பந்து கைக்கே வந்து சேர்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று கோக்கலாம்.

பந்து ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது?

பந்து மாறவே இல்லை. அதே 27 மில்லிமீட்டர் விட்டம், அதே 80 கிராம் எஃகு. மாறியது சரிவு. பழைய மெஷின்களில் பலகை ஏறத்தாழ 3.5 டிகிரி சாய்ந்திருக்கும். புதியவற்றில் 6.5 டிகிரி. காகிதத்தில் மூன்று டிகிரி வித்தியாசம்தான். கணக்குப் பார்த்தால் பந்தைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. இதோடு பலகையின் மேல் கனமான பளபளப்புப் பூச்சு, ரேம்ப்பின் உச்சி வரை பந்தை ஏற்றுவதற்கென்று பலமாக்கப்பட்ட ஃபிளிப்பர் காயில். எல்லாம் சேர்ந்துதான் அந்த வேகம்.

இதனால் முதல் சில நாட்கள் என் ஷாட் எல்லாம் தாமதமாகவே போயின. பழைய சரிவுக்குப் பழகிய விரல், பந்து நுனிக்கு வரட்டும் என்று காத்திருந்தது. அதற்குள் பந்து குறித்த இடத்தைத் தாண்டி உருண்டிருக்கும். இடது ஃபிளிப்பரிலிருந்து அடித்தது குறிக்கு வலப்பக்கம் போகும்; வலது ஃபிளிப்பரில் அதற்கு நேர்மாறு. உங்களுக்கும் இப்படி ஆனால் குறியை மாற்றாதீர்கள். கொஞ்சம் முன்னாலேயே அடியுங்கள், சரியாகிவிடும்.

ஃபிளிப்பரின் தொடு உணர்வு மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. பழைய மெஷினில் நீங்கள் பட்டனை அழுத்தினால், உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொட்டு, காயிலுக்குப் போகிற மின்சாரம் அந்தத் தொடுப்பு வழியாகவே பாய்கிறது. விரலுக்கும் ஃபிளிப்பருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. புதியதில் பட்டன் ஒரு தகவலை மட்டும் அனுப்புகிறது. உள்ளே இருக்கிற மின்னணு போர்டுதான் காயிலை இயக்குகிறது. தாமதம் கைக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி, ஒரே பலத்தில் விழுகிறது. பழைய மெஷினில் தேய்ந்த தொடுப்பு, சோர்ந்த காயில் என்று ஒவ்வொரு ஃபிளிப்பருக்கும் ஒரு குணம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஆடுவோம். அது இதில் குறைவு. எனக்கு அது இழப்புதான், மறைக்கவில்லை. பதிலுக்குக் கிடைப்பது, தவறிய ஷாட் என் தவறுதான் என்ற நிச்சயம்.

பழைய கைப்பழக்கத்தில் எது உதவும்?

மெஷினைத் தட்டுவது. இதைப் புது மெஷினில் மட்டும் ஆடுகிறவர்களைவிட நாம் நன்றாகவே செய்வோம். இரண்டு அங்குலச் சின்ன ஃபிளிப்பர், அவற்றுக்கு நடுவே அகலமான இடைவெளி, இதோடு பழகியவர்களுக்குத் தட்டாமல் வழியே இருந்ததில்லை. பந்தைக் கீழே கொண்டுபோய்விடுகிற வெளிச் சந்தின் வாயில் பந்து ஊசலாடும்போது, தூணில் மோதுகிற அந்தக் கணத்தில் உள்ளங்கையால் ஒரு சின்னத் தள்ளு, பந்து உள்ளே வந்துவிடும். இது எந்தக் காலத்து மெஷினுக்கும் ஒன்றே. புதியவை நூறு கிலோவுக்கு மேல் கனம், அதனால் கொஞ்சம் உடம்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பந்தைப் பிடித்து நிறுத்துவதும் அப்படியே உதவும். இன்னும் ஒன்று, எதுவும் செய்யாமல் இருப்பது. வேகமாக இறங்கும் பந்தை ஃபிளிப்பரைத் தூக்காமல் அதன் ரப்பரில் மோத விட்டால், அது துள்ளி எதிர் ஃபிளிப்பருக்குப் போய் வேகம் குறையும். புது மெஷினில் ஃபிளிப்பர் நீளம், ரப்பரும் நல்ல துள்ளல். அதனால் இது அழகாக அமைகிறது.

பதற்றத்தில் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துகிற பழக்கம் மட்டும் வேண்டாம். இரண்டும் தூக்கியிருக்கும்போது நடுவே உண்டாகிற வழி பெரியது.

டில்ட் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மெஷினை அதிகம் ஆட்டினால் பந்தைப் பறிக்கிற ஏற்பாடுதான் டில்ட். பெரும்பாலும் அதே கருவிதான்: வளையத்துக்குள் தொங்குகிற ஒரு கூம்புக் குண்டு. மெஷின் ஆடினால் குண்டு வளையத்தைத் தொடும். பழையதில் ஒரே தொடுதலில் பந்து போய்விடும். புதியதில் வழக்கமாக ஒன்று, இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கும். ஒரு விஷயம் கவனம்: எச்சரிக்கை வந்த உடனே மறுபடி தட்டாதீர்கள். குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் கை வைக்காமலே அடுத்த எச்சரிக்கையும் விழலாம்.

திரையைப் பார்ப்பதா, பந்தைப் பார்ப்பதா?

பந்தை. பந்து ஓடும்போது திரை உங்களுக்கானது இல்லை, பக்கத்தில் நிற்பவர்களுக்கானது. பந்தைப் பிடித்து நிறுத்திய பிறகு ஒரு பார்வை பாருங்கள், போதும்.

விதிகள் தலைசுற்றுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

நண்பர்கள் அதிகம் கேட்டது இதைத்தான். பழைய மெஷினில் விதி முழுவதும் ஓரத்தில் ஒட்டிய சின்ன அட்டையில் அடங்கிவிடும். டார்கெட் என்ற அடிக்குறிகளை எல்லாம் வீழ்த்தினால் ஸ்பெஷல் என்ற பரிசு விளக்கு எரியும், அவ்வளவு. புதியதில் ‘மோட்’ என்று ஒன்று. குறிப்பிட்ட ஷாட்டை அடித்தால் ஒரு கட்டம் தொடங்கும்; கொஞ்ச நேரத்துக்குச் சில ஷாட்டுகளுக்கு மட்டும் மதிப்பு ஏறும். எல்லாக் கட்டங்களையும் முடித்தால் விசார்ட் மோட் என்ற கடைசிக் கட்டம். அதை வருடக்கணக்கில் பார்க்காமலே மகிழ்ச்சியாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் இன்னும் பார்க்கவில்லை.

எனக்குப் பலித்த வழி இது. முதலில் மின்னுகிற விளக்கை மட்டும் பாருங்கள். நிலையாக எரிவது பெரும்பாலும் முடிந்த வேலை, மின்னுவது உங்களைக் கூப்பிடுகிறது. அடுத்து, ஒவ்வொரு மெஷினிலும் எந்த ஃபிளிப்பரிலிருந்து எந்த ஷாட் உங்களுக்குச் சுலபமாக அமைகிறது என்று இரண்டு கண்டுபிடியுங்கள். அந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்க ஆடுங்கள். விதிகள் தாமாகவே பின்னால் வரும்.

எந்த மெஷினில் தொடங்கலாம் என்று கேட்டால், மீடீவல் மேட்னெஸ் கிடைத்தால் விடாதீர்கள். பிரையன் எடி வடிவமைத்து 1997-இல் வில்லியம்ஸ் வெளியிட்டது. 2015-இல் சிகாகோ கேமிங் நிறுவனம் அதைப் புது மின்னணுவோடு மறுபடி தயாரித்தது. பலகையின் நடுவே மேலே ஒரு கோட்டை. அதை அடித்தால் தூக்குப் பாலம் இறங்கும், பிறகு கம்பிக் கதவு, அதையும் உடைத்தால் கோட்டை சரியும். யாரும் விளக்கத் தேவையே இல்லை. கண்ணால் பார்த்தே என்ன செய்ய வேண்டும் என்று புரிகிற மெஷின் நம் போன்றவர்களுக்கு நல்ல பாலம். ரிலே காலத்து வடிவமைப்பாளர்கள் டார்கெட் வரிசைகளை வைத்துச் செய்ததும் இதே வேலைதான்.

மல்டிபால் எல்லாம் நமக்குச் சரிப்படுமா?

ஒரே நேரத்தில் பல பந்துகள் ஓடுகிற மல்டிபால் புதுசு இல்லையே! பாலி நிறுவனத்தின் பால்ஸ் எ பாப்பின் 1956-லேயே அதைச் செய்துவிட்டது. 1972-இல் வந்த ஃபயர்பாலில் சுழலும் வட்டத்தோடு மூன்று பந்துகள் ஓடும். அதில் ஆடியவர்களுக்குப் பயமே வேண்டாம்.

பல பந்து ஓடும்போது எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்வதுதான் தவறு. ஒன்றை ஒரு ஃபிளிப்பரில் பிடித்து வைத்துவிட்டு, மற்றதை இன்னொரு ஃபிளிப்பரால் ஆடுங்கள். மூன்று ஓடினால், ஒன்று போனால் போகட்டும். இரண்டு இருக்கும் வரை மல்டிபால்தான்.

ஸ்கோர் ஏன் கோடிக்கணக்கில் போகிறது? அர்த்தம் இருக்கிறதா?

எண் எழுதிய உருளை சுழன்று ஸ்கோர் காட்டுகிற பழைய மெஷினில் ஐந்து, ஆறு இலக்கம்தான். அதில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு முகம் இருந்தது. புதியதில் நூறு மில்லியன் எடுத்தும் சுமாரான ஆட்டமாக இருக்கலாம். நான் செய்வது, கடைசி ஆறு இலக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. மிச்சமிருப்பது பழைய ஸ்கோர் மாதிரியே மனசில் நிற்கும்.

இலவச ஆட்டத்துக்கான ஸ்கோர் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்றும் கேட்கிறார்கள். 1986-இல் வந்த ஹை ஸ்பீட் தொடங்கி, அங்கே ஆடுகிறவர்களின் திறமையைப் பார்த்து மெஷினே அந்த அளவை ஏற்றி இறக்கும். நல்ல ஆட்டக்காரர்கள் வந்துபோகும் இடத்தில் அது உயர்ந்தே நிற்கும்.

மணிச் சத்தம் இல்லாமல் எப்படி ஆடுகிறீர்கள்?

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். பழைய மெஷினின் மணிப்பெட்டியில் பெரும்பாலும் மூன்று பட்டைகள். பத்துக்கு ஒரு நாதம், நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்கோர் ஏறுவதைக் காதால் எண்ணலாம். போனஸ் கூட்டும்போது உள்ளே மோட்டார் சுற்றுவதும், உருளை ஒவ்வொன்றாகத் தாண்டுவதும் கேட்கும். இலவச ஆட்டம் கிடைத்தால் மரப் பெட்டியில் டக் என்று ஓர் அடி, இடமே திரும்பிப் பார்க்கும். புது மெஷின்கள் பலவற்றில் அந்தத் தட்டலும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது அதே தட்டல் ஆகாது.

ஒரு நாள் காசுப்பெட்டிக் கதவுக்குள் இருக்கிற பட்டன்களால் ஒலியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் குறைத்துவிட்டு ஆடிப் பார்த்தேன். இடத்துக்குச் சொந்தக்காரர் அனுமதித்தார். அப்போது கேட்டது எல்லாம் பழக்கமான சத்தங்கள்: மரப் பலகையில் எஃகு உருள்கிற கரகரப்பு, கம்பித் தடத்தில் ஏறும்போது மாறுகிற அந்த நாதம், ஃபிளிப்பரின் தடக். உள்ளே அதே மெஷின்தான் இருக்கிறது என்று மனசு சமாதானம் ஆனது. ஆனால் ஸ்கோர் பாதியாகிவிட்டது. ஏனென்று யோசித்தால், அந்தக் குரல்களும் இசையும் வெறும் ஆரவாரம் இல்லை. எந்த ஷாட் தயார், எந்தக் கட்டம் முடியப்போகிறது, பாதுகாப்பு நேரம் தீர்ந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் அவைதான் சொல்லிக்கொண்டிருந்தன. மணிகள் செய்த அதே வேலை. அதன்பிறகு ஒலியை நடுத்தரமாக வைத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன பொருள் என்று கற்க ஆரம்பித்தேன். ஒரு புது மொழி மாதிரி. இப்போது ரேம்ப்பின் சத்தத்தை வைத்தே அடுத்து எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிகிறது.

ப்ரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என்று ஒரே மெஷின் ஏன் மூன்று வகையில்?

ஸ்டெர்ன் மெஷின்களில் வழக்கமானது இது. ப்ரோவில் அசையும் பொம்மைகளும் இயந்திர வேலைகளும் குறைவு. மேலே போகப் போக அவை கூடும். ஆடிப் பழக ப்ரோ தாராளமாகப் போதும். சில மெஷின்களில் ப்ரோவின் ஓட்டம்தான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, பந்து எதிலும் சிக்கி நிற்காமல் பாய்கிறது.

ஃபோனை வைத்து ஸ்கேன் செய்யச் சொல்கிறதே?

2021 முதல் ஸ்டெர்ன் மெஷின்களில் வந்த வசதி. உங்கள் ஸ்கோர், முடித்த கட்டங்கள் எல்லாம் கணக்கில் சேரும். கட்டாயம் இல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும்.

வீட்டில் வைத்துப் பராமரிப்பது சுலபமா?

பழைய மெஷின் கெட்டால், பலகையைத் தூக்கி, எந்த ரிலே விழவில்லை என்று கண்ணால் பார்த்து, தொடுப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வரைபடத்தில் விரல் வைத்துத் தேடலாம். பொறுமை இருந்தால் போதும். புதியதில் மெஷினே எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று மெனுவில் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு விளக்கையும் காயிலையும் தனியாக இயக்கிச் சோதிக்கலாம். இது பெரிய வரம். போர்டு போனால் மட்டும் நம் கையில் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது: பலகையைத் துடைத்து மெழுகு போடுங்கள், ரப்பரைக் காலத்தில் மாற்றுங்கள், கீறல் விழுந்த பந்தை உடனே எடுத்துவிடுங்கள். கீறிய பந்து உப்புத்தாள் மாதிரி பலகையைத் தின்னும். புது மெஷின்களில் காந்தங்கள் அதிகம். நாளடைவில் பந்துகளே காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பந்துகள் சேர்ந்து வெளியே வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், புது பலகையில் பந்து விழுந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் பதறாதீர்கள். நாள் போகப் போகக் குழிகள் பெருகி மொத்தமும் சமமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எல்இடி விளக்கு கண்ணைக் கூசுகிறதே?

எனக்கும். பல மெஷின்களில் மெனுவில் வெளிச்சத்தைக் குறைக்கலாம். அறை முழு இருட்டாக இல்லாமல், மெஷினுக்குப் பின்னாலிருந்து லேசான வெளிச்சம் இருந்தால் கூச்சம் பாதியாகும்.

இதற்குப் பிறகு பழைய மெஷினில் ஆட முடிகிறதா?

முடிகிறது, ஆனால் முதல் பந்து எப்போதும் வீண். போன வாரம் என் பழைய மெஷினுக்கு முன்னால் நின்றேன். பந்து இடது ஃபிளிப்பரில் இருந்தது. பட்டனை விட்டு, விரல் பழகிய நேரத்தில் அடித்தேன். குறி வைத்தது வலப்பக்க டார்கெட்டை. பந்து நேராக மேலே போய்விட்டது. முன்பு தாமதமாக அடித்தவன் இப்போது அவசரப்பட்டிருக்கிறேன். அடுத்த பந்தையும் அதே மடிப்பில் பிடித்தேன். பட்டனை விட்டேன். பந்து மெதுவாக, மிக மெதுவாக நுனியை நோக்கி உருண்டது. இன்னும், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்து அடித்தேன். டார்கெட் சாய்ந்தது, ஆயிரத்தின் மணி ஒருமுறை அடித்தது.